இறால் வண்டியில் ஏறிய போலியோ பரிசோதனை

பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் கையோ காலோ திடீரென்று தளர்ந்துபோனால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், போலியோவாக இருக்கலாம் என்று கருதியே விசாரிக்க வேண்டும். தளர்ச்சி தொடங்கிய பதினான்கு நாட்களுக்குள் குழந்தையின் மலத்தை இரண்டு முறை, குறைந்தது இருபத்துநான்கு மணி நேர இடைவெளி விட்டு, கட்டைவிரல் நுனியளவு எடுக்க வேண்டும். எடுத்ததைக் குளிர் குறையாமல் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தடுப்பு மருந்து வைத்திருக்கும் குளிர்பெட்டியில் அதை எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.

இதுதான் விதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதியவர் நல்ல அறிவாளி. ஆனால் அவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு குளிர்பெட்டி. அதில் இருந்தது தடுப்பு மருந்து.

சென்ற மாதம் பொத்தேரியில் சுகாதார ஆய்வாளர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். இந்த விதியைச் சொன்னதும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அப்போ சாம்பிளை எங்கே வச்சீங்க சார்?" என்று கேட்டார். "இறாலோடு" என்றேன். வகுப்பே சிரித்தது. ஓய்வு பெற்றவன் வேடிக்கையாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வேடிக்கையாகப் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் விலங்கியலில் முதுகலை படித்தவன். படிப்புக்கேற்ற வேலை என்று அரசாங்கம் எனக்குத் தந்தது கொசுப்புழு எண்ணும் வேலை. செங்கல்பட்டில் ஒரு வருடம் பயிற்சி: கிணற்றில் குளோரின் கலப்பது, ஊசிகளைக் கொதிக்க வைப்பது, பதிவேடுகளில் கோடு போடுவது. கோடு போடுவதற்கே அதிக நாள் பிடித்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மாமல்லபுரம் கடற்கரைப் பக்கத்து நிலையம் ஒன்றில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்தச் சாலையைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

அந்த நாட்களில் தட்டம்மை வந்த வீட்டில் வேப்பிலை கட்டியிருப்பார்கள். வாசலில் நின்று, "வந்தவளுக்கு மரியாதை செய்யுங்கள், வராத பிள்ளைக்கு ஊசி போடுகிறேன்" என்பேன். பாதிப் பேர் சம்மதிப்பார்கள். வைரஸ் என்பது நம் உடம்பின் உயிரணுவுக்குள் புகுந்து அதையே பட்டறையாக்கித் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் ஒன்று. பெரும்பாலான வைரஸ் நோய்களுக்கு, வந்தபின் கொடுக்க நம்மிடம் மருந்தில்லை. வருவதற்கு முன்பே அதன் பலவீனமான அல்லது செத்த உருவத்தை உடம்புக்குக் காட்டி, "இவன் வந்தால் உள்ளே விடாதே" என்று பழக்குவதுதான் தடுப்பு மருந்து. என் முதுகலைப் படிப்பில் எனக்குக் கடைசிவரை பயன்பட்டது இந்த நான்கு வரிதான்.

தொண்ணூற்றைந்தில் ஞாயிற்றுக்கிழமை போலியோ சொட்டு மருந்து தொடங்கியது. அணு ஆராய்ச்சி ஊழியர்கள் வசிக்கும் அணுபுரம் குடியிருப்பில் முகாம் போட்டால், மேசை விரிக்கும் முன்பே தாய்மார்கள் அட்டையோடு வரிசையில் நிற்பார்கள். குப்பியைக் கையில் வாங்கி, அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து வீண். ஒரு அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "லேசா சாம்பல் பூத்த மாதிரி இருக்கே?" என்றார். அவர் கணவர் அணு ஆராய்ச்சியில் இருப்பவர். நான் குப்பியை மாற்றிக் கொடுத்தேன். அணுவோடு எனக்கு வம்பு வேண்டாம்.

மீனவர் குப்பங்களில் கதை வேறு. அங்கே தாய்மார்கள் விடியும் முன் மீன் கூடையோடு கிளம்பிவிடுவார்கள். அணுபுரத்துக்கு மீன் விற்கப் போகும் பெண்ணும், அங்கே மீன் வாங்கும் பெண்ணும் ஒரே ஞாயிற்றுக்கிழமையைத்தான் பார்க்கிறார்கள். ஒருத்தி பிள்ளையோடு வரிசையில் நிற்பாள். மற்றவள் பிள்ளை கரையில் யாரோ ஒருவர் பொறுப்பில் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து வாயைத் திறக்க வைப்பது எங்கள் பொறுப்பு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் எங்கள் நிலையத்துக்கு டாக்டர் ரேவதி மருத்துவ அலுவலராக வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தாதவர். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "வாங்க சார், உட்காருங்க சார்" என்றால் நாற்காலியில் உட்காரவே எங்களுக்குப் பயம். நாங்கள் எழுதிய அறிக்கையின் ஓரத்தில் பச்சை மையில் "ஏன்?" என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவார். "காய்ச்சல் கண்ட வீடுகளைப் பார்வையிட இயலவில்லை" என்றால், "ஏன்?" "மழை" என்று பதில் எழுதினால் அதற்குப் பக்கத்திலும் "ஏன்?" மழைக்குக் காரணம் எழுதியவன் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அவர் காலத்தில் ஓர் ஆண்டு மார்கழியில் முதல் சுற்றுச் சொட்டு மருந்து முடிந்தது. அடுத்த சுற்று மாசியில். முதல் சுற்று முடிந்த அதே வாரம் எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் மேரி வேகமாக வந்து மேசைமேல் கையை ஊன்றினார்.

"சார், குப்பத்துல ஒரு புள்ளைக்கு வலது கால் வரல. மூணு வயசு. ஞாயித்துக்கிழம நான்தான் சொட்டு ஊத்துனேன். ஊரே சேந்து என்னைத் திட்டுது சார். என் கொடைய ஒடச்சிட்டாங்க."

குப்பம் நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். ஜீப் வழக்கம்போல வேறு ஏதோ முக்கியமான வேலைக்குப் போயிருந்தது. டாக்டர் என் மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார். கையில் முழங்காலைத் தட்டிப் பார்க்கும் ரப்பர் சுத்தி, பையில் ஒரு பிஸ்கட் பொட்டலம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. முன்னால் நின்றவர் ஏழுமலை, ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகுக்கு வந்தவர். தோள்பட்டை கதவகலம்.

"வா சார். நீங்க ஊத்துன ரெண்டு சொட்டுல புள்ள காலு பூட்ச்சு. இன்னா சொல்ற இப்போ?"

நான் வாயைத் திறக்கும் முன் டாக்டர், "தாகமா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். திட்ட வந்தவர்கள் சொம்பு தேடப் போனார்கள். அவர் அந்த வீட்டு வாசலில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குழந்தையின் பெயர் சங்கீதா. தாய் வசந்தி, இருபத்தைந்து வயதிருக்கும். மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். டாக்டர் காலைத் தொடவே இல்லை. பிஸ்கட்டை எடுத்துச் சற்றுத் தள்ளி ஒரு சாக்கின் மேல் வைத்தார். குழந்தை இறங்கி அதை நோக்கி நகர்ந்தது. இடது காலை ஊன்றியது. வலது கால் பின்னால் இழுபட்டு வந்தது. கூட்டத்தில் ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிஸ்கட் தின்று முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு உள்ளங்காலைக் கிச்சுக்கிச்சு மூட்டினார். சுத்தியால் முழங்காலில் தட்டினார். கால் எகிறி அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. குழந்தை சிரித்தது. "இன்னொரு தடவை உதை" என்றார். கணுக்காலில் தட்டியபோது இடது பாதம் அசைந்தது. வலது பாதம் சும்மா கிடந்தது. மறுபடி தட்டினார். சும்மாவே கிடந்தது. கடைசியாகக் குழந்தையைக் குப்புறத் திருப்பி இடுப்புக்குக் கீழே விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். வலது பக்கம் ஓரிடத்தில் குழந்தை வீறிட்டது. அங்கே கடுகு அளவு ஒரு புள்ளி.

டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். வசந்தி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் குழந்தையின் கவுனைக் கீழே இழுத்து மூடினார்.

"காய்ச்சல் இருந்துச்சாம்மா?"

"ஆமாம்மா. சொட்டு ஊத்துன மறுநாளு."

"அதுக்கு என்ன குடுத்தீங்க?"

"மாத்தர. கடைல வாங்கியாந்தேன்."

"சரிம்மா."

அவ்வளவுதான் விசாரணை. திரும்பும் வழியில் எனக்கு நாக்கு அரித்தது. "டாக்டர், அது ஊசி போட்ட இடம். ஊசி நரம்பில் பட்டுக் கால் தளர்ந்திருக்கு. புத்தகத்தில் உள்ளபடியே இருக்கு. இப்பவே திரும்பிப்போய் ஏழுமலைகிட்ட சொல்லிடலாம்."

"வண்டியை நிறுத்துங்க சார்."

'சார்' என்ற சொல் காதில் விழுந்ததும் நான் பிரேக் போட்டேன். சவுக்குத் தோப்பு ஓரம் நின்றோம்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது சார். ஆனா போலியோ இல்லைன்னு ஆய்வகம் சொல்லல, நாமதான் சொல்றோம். மாட்டிக்கிட்டவன் எல்லாம் முதல்ல சொல்றது, 'நான் இல்ல, அவன்'னுதான். நாமளும் அதையே சொல்லி, அப்புறம் போலியோன்னு வந்தா? அந்தக் குப்பத்துல இனி எந்த மருந்தும் இறங்காது. விதிப்படி சாம்பிள் எடுங்க. பதில் வரட்டும்."

அன்று மாலையே ஊர்க்கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்தக் கடற்கரையில் ஊர் முடிவு என்றால் ஊர் முடிவுதான். ஊர் கடலுக்குப் போகக் கூடாது என்றால் ஒரு படகும் இறங்காது. தனித்தனி வீட்டில் போய்க் கெஞ்சிக் காரியம் சாதிக்கும் என் வித்தை அங்கே செல்லாது. சொட்டு மருந்தும் இப்போது ஊர் விஷயமாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் உண்டு, அல்லது ஒருத்தருக்கும் இல்லை. ஏழுமலை என்னிடம் சொன்னது இது:

"அந்தப் புள்ளைக்கு இன்னா ஏதுன்னு தெரியணும். அதுவரிக்கும் யாரும் வாய தொறக்க மாட்டாங்க. தெரிஞ்சப்பறம் ஊரு கூடிப் பேசும். பதில நாங்களே சொல்லி அனுப்புறோம். நீ வந்து வந்து கேட்டு பேஜாரு பண்ணாத."

மலம் எடுக்கும் வேலை என்னுடையது. விதியில் "குழந்தையின் மலத்தைச் சுத்தமான காகிதத்தின் மீது பெற்று" என்று ஒரு வரி உண்டு. அந்தக் குப்பத்துக் குழந்தைகள் காலையில் அலை ஓரம் உட்காருவார்கள். காரியம் முடிந்ததும் கடலே வந்து அள்ளிக்கொண்டு போகும். எனக்கும் கடலுக்கும் போட்டி. நான் ஒரு கையில் காகிதமும் மறு கையில் சிறு கரண்டி வைத்த டப்பாவுமாகக் குந்தியிருக்க, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அலை வருது சார், அலை வருது! அப்டியே தூக்கு!"

"இன்னா படிச்சிகீற சார்?"

"எம்.எஸ்சி."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

முதல் நாள் அலை ஜெயித்தது. மறுநாள் நான் ஜெயித்தேன். டப்பாவை இறுக மூடி, அதை ஒரு உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு, தோளில் மாட்டும் நீல நிறக் குளிர்க்கூடையில் வைத்தாயிற்று. இனி இரண்டாவது சாம்பிள் வரும்வரை, ஒரு பகலும் ஓர் இரவும் இது குளிரில் இருக்க வேண்டும். நிலையத்துக் குளிர்பெட்டி கூடாது. தனியாக ஒரு குளிர்பெட்டி கேட்டு நான் எழுதிய கோரிக்கை மேலிடத்துப் பரிசீலனையில் இருந்தது. இன்றும் அங்கேயே நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கரையில் மதி என்று ஒருவர் ஐஸ் ஷெட் வைத்திருந்தார். மீனும் இறாலும் வாங்கி ஐஸ் போட்டு, தினமும் விடியற்காலையில் சென்னை ராயபுரம் பக்கத்து இறால் கம்பெனிக்கு வண்டியில் அனுப்புபவர். குளிர் விஷயத்தில் எங்கள் துறையைவிட அனுபவஸ்தர். அவரிடம் போனேன்.

"உள்ள இன்னா சார்?"

சொன்னேன்.

மதி கூடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "மூடி கழண்டுக்காதே?"

"மூணு மூடி இருக்கு."

"சரி, அந்த மூலைல வை. நான் ஐஸ் போட்டுக்கறேன். கம்பெனிக்காரன் கேட்டா மட்டும் நீ இங்க வந்ததே இல்ல, இன்னா?"

மறுநாள் காலையில் இரண்டாவது சாம்பிள் அலைக்குத் தப்பி என் கைக்கு வந்துவிட்டது. வெற்றி வீரனாக ஷெட்டுக்குப் போனால் மூலை காலி. மதி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டி பூட்ச்சு சார்! லோடு ஏத்துறவன் புது பொட்டியா கீதேன்னு நல்லா ஐஸ் போட்டு மொத வரிசைல வச்சி அனுப்பிட்டான். ஏற்றுமதி ரகம்னு நெனச்சிட்டான்."

அந்தக் கரையில் ஐஸ் போட்ட பெட்டி என்று ஒன்று இருந்தால் அது ராயபுரம்தான் போகும். வேறு எதற்கும் யாரும் பெட்டியில் ஐஸ் போட்டதில்லை. லோடு ஏற்றியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மதியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்தில் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். கம்பெனி வாசலில் இருந்த காவலாளி போனை எடுத்தார். மதிதான் பேசினார்.

"அண்ணாத்த, நம்ம வண்டில நீலமா ஒரு பொட்டி வரும். அத்த தொறக்காத... இல்ல இல்ல, றாலு இல்ல... நண்டும் இல்ல... அத்த எடை போடாத அண்ணாத்த!... உள்ள இன்னா கீதுன்னா? அத்த ஏன் கேக்கற, கவர்மெண்டு சமாச்சாரம்... ஆமா, மந்திரி மாரிதான்னு வச்சிக்க."

பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். "உட்காருங்க சார்" என்று போனிலேயே சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். எதிர்முனையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது சாம்பிள் உங்ககிட்ட இருக்குல்ல? அதுக்கும் மதிகிட்டயே ஐஸ் வாங்கிக்கிட்டு ஆய்வகத்துக்கு பஸ் ஏறுங்க. முதலாவது உங்களுக்கு முன்னாடியே சென்னைக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்."

ராயபுரத்தில் காவலாளி பெட்டியைத் தன் நாற்காலிக்குக் கீழே வைத்து, காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று வணக்கம் வேறு வைத்தார். இரண்டு சாம்பிளையும் சேர்த்துக்கொண்டு ஆட்டோவில் ஆய்வகம் போனேன். வாங்கிக்கொண்டவர் மூடியைத் திறந்து, ஐஸைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க பக்கத்துலேர்ந்து எப்பவும் தண்ணியாத்தான் வரும். இது கல்லு மாதிரி இருக்கே. எந்த வண்டி சார்?"

"இறால் வண்டி."

"அதையே வச்சுக்குங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இதற்காக எனக்கு ஒரு குறிப்பாணை வந்தது. "மேற்படி மாதிரியை இறால் ஏற்றும் வாகனத்தில் அனுப்ப எந்த ஆணை அனுமதிக்கிறது என்பதை விளக்குக." "தடுக்கும் ஆணை எதுவும் எனது கவனத்துக்கு வரவில்லை. அப்படி ஒன்று இருப்பின் அனுப்பி உதவுக" என்று பணிவுடன் எழுதினேன். டாக்டர் அதன் ஓரத்தில் பச்சை மையில் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டு மேலே அனுப்பினார்.

பிறகு காத்திருப்பு. வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். இருந்தால் வளரும், இல்லாவிட்டால் வளராது. அவசரப்படுத்த வழியில்லை. ஆனால் வதந்திக்கு அந்தச் சிரமம் இல்லை. பக்கத்துக் குப்பங்களுக்கும் பரவியது. மேரியைக் கண்டால் பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்தார்கள். மேரி புதுக் குடை வாங்கிக்கொண்டு மறுபடி போனார். டாக்டர் வாரம் ஒரு மாலை குப்பத்துக்குப் போய், குழந்தையின் பாதத்தை எப்படி மடக்கி நீட்டிப் பழக்குவது என்று வசந்திக்குச் செய்து காட்டினார். போகும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் பொட்டலம். தை மாதம் முடிவதற்குள் சங்கீதா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தாள். வசந்தி ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு மூடிக்கொள்வாள். டாக்டர் கேட்கவே இல்லை. யாருடைய அறிக்கையிலும் "ஏன்?" எழுதும் மனுஷி, அந்த ஒருத்தியிடம் மட்டும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

மாசி முகாமுக்கு முந்தின வாரம் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. இரண்டு சாம்பிளிலும் போலியோ வைரஸ் இல்லை. வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. நான் தாளைப் படித்து, தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது.

"போலியோ இல்லன்ற. சரி. அப்ப காலு எப்டி பூட்ச்சு? சொட்டுலயே வேற ஏதாச்சும் இருந்துச்சா?" ஒருவர் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வசந்தி எழுந்தாள்.

"சொட்டு இல்ல. நான்தான் புள்ளைக்கு ஊசி போட்டுனு வந்தேன்."

பக்கத்திலிருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் அவள் உட்காரவில்லை.

"காச்சலு வுடல. மாத்தரைக்கு கேக்கல. ஊசி போட்டா சட்டுனு எறங்கும்னு இடுப்புல போட்டுனு வந்தேன். வூட்டுக்கு வர்றதுக்குள்ள காலு தொங்கிடுச்சு."

ஏழுமலை, "எவன்கிட்ட போட்ட?" என்றார்.

"உன் அக்கா மவன்கிட்டதான் மாமா. மொபெட்ல பொட்டி வச்சினு வருதே."

அவள் ஏன் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று எல்லோருக்கும் அப்போதுதான் புரிந்தது. மருத்துவம் படிக்காத அந்த அக்கா மகனுடைய ஊசி ஊரில் பாதிப் பேருடைய இடுப்பில் இறங்கியிருக்கிறது. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்பது அவர்கள் எண்ணம். வாயில் விடும் மருந்தைச் சந்தேகித்தார்கள். இடுப்பில் குத்துவதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஏழுமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் அப்போதுதான் பேசினார். "நரம்புல பட்டிருக்கு. இது மெதுவா சரியாகும். நல்லா முன்னேறிக்கிட்டுதான் இருக்கா. அந்தத் தம்பியை அடிக்க வேணாம். ஊசியைக் கீழ வைக்கச் சொல்லுங்க, போதும்."

"அது என் பொறுப்பு" என்றார் ஏழுமலை. பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி சார். எல்லாப் புள்ளைக்கும் ஏன் ஒரே நாள்ல ஊத்தணும்ன்ற? வேணும்னும்போது அவனவன் ஊத்திக்கட்டுமே?"

நான் அவர்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லி அசத்த நினைத்தேன். "உங்க வலையில ஓட்டை இருந்தா மீன் தப்பிச்சிடும் இல்ல? அதே மாதிரி..."

"வலைன்னாலே ஓட்டதான் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை முழுவதும் சிரிப்பு. டாக்டரும் சிரித்தார். நான் உதாரணத்தைக் கைவிட்டு உள்ளதைச் சொன்னேன். இந்த வைரஸுக்குத் தங்க மனிதக் குடலைத் தவிர வேறு இடமில்லை. ஒரு பிள்ளையின் வயிற்றிலிருந்து வெளியேறி, கை, தண்ணீர் வழியாக அடுத்த பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். ஒரே நாளில் எல்லாப் பிள்ளைக்கும் மருந்து இறங்கிவிட்டால் அது ஒதுங்க வயிறே கிடைக்காது. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்றால் பாக்கிப் பாதியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"அப்ப மீனு இல்ல, எலி மாரி" என்றார் ஏழுமலை. "ஒரு வூட்ல வெரட்டுனா பக்கத்து வூட்ல பூந்துக்கும். எல்லா வூட்லயும் ஒரே நாள்ல அடிக்கணும்." என் முதுகலைப் படிப்பு அங்கே அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

"அப்ப ஞாயித்துக்கிழம வரலாமா?"

"ஊரு பேசும். பதில சொல்லி அனுப்புறோம்னு சொன்னேன் இல்ல?"

வியாழன் வரவில்லை. வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை மாலைவரை மேரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை குப்பி எடுத்துப்போவது என்று கேட்டேன். டாக்டர், "எல்லாப் பிள்ளைக்கும் எடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மேரியும் குப்பத்துக்குள் நுழைந்ததும் அங்கேயே நின்றுவிட்டோம். கரை முழுக்கப் படகுகள். ஒன்றுகூடக் கடலில் இல்லை. ஞாயிறு அவர்களுக்கு நல்ல வியாபார நாள். அன்று எல்லாப் படகும் கரையில் கிடந்தால் ஊரில் சாவு விழுந்திருக்க வேண்டும், அல்லது பெரிய சண்டையாக இருக்க வேண்டும். மேரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழுமலை வெள்ளைச் சட்டையில், சவரம் செய்த முகத்தோடு வந்தார்.

"இன்னாய்யா, படகெல்லாம் நிக்குது?" என்றேன்.

"இன்னிக்கு தொழில் இல்ல சார், ஊரு முடிவு. பொம்பளைங்க கருவாடு எடுத்துகினு வெடிகாலையே சந்தைக்கு பூட்டாங்க. புள்ளைய யாரு தூக்கினு வர்றது? அதான் அப்பனுங்கள நிறுத்திட்டோம். வராத வூட்டுக்கு அபராதம். நாஸ்தா துன்னியா சார் நீ?"

அவருக்குப் பின்னால் வரிசை. அந்தக் கடற்கரையில் நான் பார்த்த மிக நீளமான, மிக விசித்திரமான வரிசை. முழுக்க அப்பாக்கள். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் மீன் கூடைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள்.

"இதுக்கு வயசென்ன?" மேரி கேட்டார்.

"இன்ஜின் வாங்கனமே, அதுக்கு முன்ன பொறந்துச்சு."

"எப்ப வாங்குனீங்க இன்ஜின்?"

"அது இது பொறந்தப்புறம்."

ஒருவர் ஏழு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இவனுக்கும் ஊத்துமா, வூட்டுக்கு ஒண்ணு கொண்டாரணும்ட்டாங்க" என்றார். இன்னொருவர் அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வந்துவிட்டார். சுண்டுவிரலில் மை வைப்பதைப் பார்த்துவிட்டு நாலைந்து அப்பாக்கள் தங்கள் விரலையும் நீட்டினார்கள். அபராதத்துக்குச் சாட்சியாம். மேரி வைத்துவிட்டார். இதற்கும் தடை ஆணை எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை.

வரிசையின் நடுவில் சங்கீதாவை அவள் அப்பா தூக்கி வந்திருந்தார். மேசைக்குச் சற்றுத் தள்ளி மணலில் இறக்கிவிட்டார். அவள் நின்றாள். மேசை மேல் பிஸ்கட் இருக்கிறதா என்று பார்த்தாள். டாக்டர் மேரியிடம் கொடுத்தனுப்பியிருந்த பொட்டலம் இருந்தது. நடக்கத் தொடங்கினாள். வலது பாதம் மணலைக் கொஞ்சம் கிளறியது, அவ்வளவுதான். பின்னாலேயே அவள் அப்பா குனிந்து, இரண்டு கையையும் விரித்து, தொடாமல் வந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு அவளாகவே வாயைத் திறந்தாள். மேரி இரண்டு சொட்டு விட்டார்.

ஏழுமலை என் பக்கத்தில் வந்து நின்றார். "பதிலு பதிலுன்னு கேட்டுகினு இருந்தியே சார், வந்துச்சா?"

வந்தது. மாசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.